பெட்டிக்குள் இருக்கும் இரண்டாவது கணினி: டெல் பவர்எட்ஜ் டி350 சர்வரும் அதன் உள்ளமைந்த நிர்வாக மென்பொருளும்

சர்வர் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பிராசசரைப் பற்றி. அடுத்து ரேம், அதற்கடுத்து விலை. அந்தப் பெட்டியை அடுத்த ஐந்தாறு ஆண்டுகளுக்கு யார், எங்கிருந்து, எதைக் கொண்டு பார்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்ற கேள்வியை அநேகமாக யாரும் எழுப்புவதில்லை. கோவை, திருப்பூர் வட்டாரத்தில் ஆடிட்டர் அலுவலகங்கள், பின்னலாடை நிறுவனங்கள், சிறு மருத்துவமனைகள் போன்ற இடங்களின் சர்வர்களைப் பராமரிப்பது என் தொழில். அந்த அனுபவத்திலிருந்து உறுதியாகச் சொல்வேன்: சிறிய அலுவலகத்துக்குச் சர்வர் வாங்கும்போது பிராசசரைவிட அதிகமாக விசாரிக்க வேண்டியது, அதனுள்ளேயே வைத்துக் கொடுக்கப்படும் நிர்வாக மென்பொருளைத்தான். இந்த மதிப்புரையும் முழுக்க அதைப் பற்றியதே.

நான் எடுத்துக்கொண்டிருப்பது டெல் பவர்எட்ஜ் டி350. 2021-இல் வெளிவந்த டவர் வகை மாடல். இன்டெல் ஜியான் இ-2300 வரிசையில் ஒரு பிராசசர், நான்கு ரேம் ஸ்லாட்டுகள், அதிகபட்சம் 128 ஜிபி ரேம், ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்பக்கத்திலிருந்து கழற்றி மாட்டக்கூடிய எட்டு மூன்றரை அங்குல டிஸ்க்குகள், ஒன்று போனாலும் மற்றொன்று தாங்கும்படி இரண்டு பவர் சப்ளைகள். இருபது முப்பது பேர் வேலை செய்யும் இடத்தில் டேலி, கோப்புப் பகிர்வு, பயனர் கணக்கு நிர்வாகம் ஆகியவற்றுக்கு இது தாராளம். வன்பொருள் பற்றி இத்துடன் விடுகிறேன். இதற்கு இணையான பாகங்களைப் பிற நிறுவனங்களும் தருகின்றன.

இந்தச் சர்வரின் மதர்போர்டில், பிரதான பிராசசரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் தனியாக இயங்கும் ஒரு சிறு கணினி இருக்கிறது. அதற்குச் சொந்தமாக ஒரு பிராசசர், நினைவகம், பின்பக்கத்தில் தனி நெட்வொர்க் போர்ட், தனி ஐபி முகவரி எல்லாம் உண்டு. இதன் பெயர் ஐடிராக்; டி350-இல் இருப்பது அதன் ஒன்பதாம் தலைமுறை. மின்கம்பியைச் செருகியதுமே, பவர் பட்டனை அழுத்துவதற்கு முன்பே, இது விழித்துக்கொண்டு ஓரிரு நிமிடங்களில் தயாராகிவிடும். அதன் பிறகு சர்வர் அணைந்திருந்தாலும், விண்டோஸ் நீலத்திரையில் உறைந்து நின்றாலும், டிஸ்க்கே இல்லாமல் வெறும் கூடாக இருந்தாலும், பிரவுசர் வழியாக இதனுடன் பேசலாம். இதே சில்லுக்குள் குடியிருக்கும் இன்னொரு மென்பொருள் லைஃப்சைக்கிள் கண்ட்ரோலர். சர்வர் துவங்கும்போது எஃப்10 அழுத்தினால் திரையில் வருவது இதுதான். டிஸ்க் அமைப்பு, இயங்குதளம் நிறுவுதல், ஃபர்ம்வேர் (பாகங்களுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) புதுப்பித்தல், வன்பொருள் சோதனை ஆகிய அனைத்தையும் சிடி, பென்டிரைவ் எதுவுமின்றி இங்கிருந்தே தொடங்கலாம். 2009-இல் வந்த பதினோராம் தலைமுறைச் சர்வர்களில் டெல் இதை முதன்முதலாகக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய சர்வர்களை அமைக்க, பெட்டியோடு வரும் நிர்வாக டிவிடியைப் போட்டு அதிலிருந்து துவங்க வேண்டியிருந்தது. அந்த டிவிடி அலமாரியில் எங்கோ மறைந்துவிட்ட அலுவலகங்களில் வேலை செய்தவர்களுக்கு இந்த மாற்றத்தின் அருமை தெரியும்.

முதல் நாள் வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். சர்வரின் முன்பக்கத்தில் வெளியே இழுக்கக்கூடிய ஒரு சிறு தகவல் அட்டை இருக்கிறது. சர்வீஸ் டேக் (ஒவ்வொரு சர்வருக்கும் டெல் தரும் தனி அடையாளக் குறியீடு), ஐடிராக்கின் மேக் முகவரி, அந்தச் சர்வருக்கே உரிய தொடக்கக் கடவுச்சொல் ஆகியவை அதில் அச்சிடப்பட்டிருக்கும். பழைய தலைமுறைகளில் எல்லாச் சர்வர்களுக்கும் ‘ரூட்’ என்ற பெயரும் ‘கால்வின்’ என்ற கடவுச்சொல்லுமே தொடக்க அமைப்பாக இருந்தன. பதினான்காம் தலைமுறைச் சர்வர்களிலிருந்து சர்வருக்குச் சர்வர் மாறும் கடவுச்சொல் வந்தது வரவேற்கத்தக்க மாற்றம். ஆனால் வாங்குபவர் விரும்பினால் பழைய முறையிலேயே அனுப்புமாறு ஆர்டரில் குறிப்பிடும் வசதியும் தொடர்கிறது. ஆகவே பெட்டியைப் பிரித்தவுடன் எந்த வகை வந்திருக்கிறது என்று பார்த்து, எதுவாக இருந்தாலும் அன்றைக்கே மாற்றிவிட வேண்டும்.

மானிட்டரும் கீபோர்டும் இல்லாத இடத்தில் முன்பக்கத்து மைக்ரோ யுஎஸ்பி போர்ட் கைகொடுக்கிறது. சாதாரண மைக்ரோ யுஎஸ்பி கேபிளால் லேப்டாப்பை அதில் இணைத்து, பிரவுசரில் 169.254.0.3 என்ற முகவரியைத் தட்டினால் ஐடிராக்கின் நுழைவுப் பக்கம் திறக்கும். நெட்வொர்க் அமைப்பு எதுவும் தேவையில்லை. நெட்வொர்க் பாயிண்டே இன்னும் வராத புதுக் கட்டடங்களில் சர்வரைத் தயார் செய்து வைக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. மானிட்டர் இருக்குமானால் எஃப்2 அழுத்தி ஐடிராக் அமைப்புக்குள் சென்று நிலையான ஐபி முகவரி ஒன்றைக் கொடுத்துவிடலாம்.

லைஃப்சைக்கிள் கண்ட்ரோலரில் முதன்முறை நுழையும்போது மொழி, கீபோர்ட், நெட்வொர்க் விவரங்களைக் கேட்டுக்கொண்டு முகப்புப் பக்கத்துக்கு அழைத்துச் செல்கிறது. மொழிகளின் பட்டியலில் தமிழோ வேறு இந்திய மொழி எதுவுமோ இல்லை. இடதுபக்கத்தில் லாக் (நடந்தவற்றின் பதிவேடு), ஃபர்ம்வேர் புதுப்பித்தல், வன்பொருள் அமைப்பு, இயங்குதளம் நிறுவுதல், மீட்பு, சோதனை என்று வரிசையாகத் தலைப்புகள் இருக்கின்றன. தோற்றம் பழையது, பக்கத்துக்குப் பக்கம் தாவுவதில் ஒரு மந்தமும் உண்டு; ஆனால் எது எங்கே இருக்கும் என்று தேட வைப்பதில்லை.

இதில் நான் மிகவும் மதிக்கும் பகுதி இயங்குதளம் நிறுவும் பகுதி. அதற்குள் நுழைந்ததும், ரெய்டை (ஒரு டிஸ்க் பழுதானாலும் தரவு போகாதபடி பல டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கும் முறையை) முதலில் அமைக்கிறீர்களா, நேராக இயங்குதளத்துக்குப் போகிறீர்களா என்று கேட்கும். ரெய்டைத் தேர்ந்தெடுத்தால் எந்த டிஸ்க்குகள், எந்த நிலை என்று படிப்படியாகக் கேட்டு முடிக்கிறது. நான்கு 2 டிபி டிஸ்க்குகளை ரெய்டு 10-இல் வைத்தால் பயன்பாட்டுக்குக் கிடைப்பது 4 டிபி. ரெய்டு 5-இல் வைத்தால் 6 டிபி. கணக்குத் தரவுகள் இருக்கும் சிறிய அலுவலகத்துக்கு நான் முன்னதையே பரிந்துரைப்பேன்; பெரிய டிஸ்க்குகளில் ரெய்டு 5 மீண்டும் கட்டமைக்கப்படும் நீண்ட நேரம் முழுவதும் இன்னொரு டிஸ்க் போகாமல் இருக்க வேண்டுமே என்ற கவலை வேண்டாம் என்பதே காரணம். அடுத்து, சர்வர் துவங்குவது யுஇஎஃப்ஐ முறையிலா பழைய பயாஸ் முறையிலா என்ற கேள்வி, அதற்கடுத்து இயங்குதளங்களின் பட்டியல். பட்டியலில் உள்ள விண்டோஸ் சர்வர் பதிப்பைத் தேர்ந்தெடுத்ததும், அதற்குத் தேவையான டிரைவர்களைத் தன் உள் நினைவகத்திலிருந்து எடுத்து, ஒரு தற்காலிக டிரைவாக இயங்குதளத்தின் கண்ணுக்குத் தெரியும்படி வைத்துவிடுகிறது. அந்த டிரைவ் 18 மணி நேரம் வரை இருந்துவிட்டுத் தானாக மறைந்துவிடும். இதன் அருமை, ரெய்டு கார்டின் டிரைவர் இல்லாத விண்டோஸ் டிவிடியைப் போட்டு, டிஸ்க்கே இல்லை என்ற செய்தியைப் பார்த்து, வேறொரு கணினியில் டிரைவரைத் தேடிப் பென்டிரைவில் ஏற்றிக் கொண்டுவந்த ஒவ்வொருவருக்கும் புரியும். லினக்ஸ் பக்கத்தில் ரெட் ஹேட், சூசே ஆகியவை பட்டியலில் உண்டு. உபுண்டு போன்றவற்றை நிறுவுபவர்கள் ‘வேறு இயங்குதளம்’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு வழக்கம்போல் மேற்கொண்டு போகலாம்.

முதல் நாளிலேயே செய்துவைக்க வேண்டிய இரண்டு சிறிய அமைப்புகளைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒன்று, மின்சாரம் போய் வந்த பிறகு சர்வர் என்ன செய்ய வேண்டும் என்பது. எஃப்2-வில் பயாஸின் (சர்வரைத் துவக்கும் அடிப்படை மென்பொருளின்) பாதுகாப்புப் பக்கத்தில் இது இருக்கிறது. ‘முன்பு இருந்த நிலை’ என்று வைத்தால், ஓடிக்கொண்டிருந்த சர்வர் மின்சாரம் திரும்பியதும் தானே எழுந்துகொள்ளும். உடனே எழாமல் சற்றுத் தாமதித்து எழுமாறும் சொல்லலாம். ரூட்டரும் ஸ்விட்சும் முதலில் நிலைக்கு வந்துவிடுவதற்கு அந்தத் தாமதம் மிக உதவும். மற்றொன்று, ஐடிராக்கின் கடிகாரம். இந்திய நேரத்துக்கு அமைத்து, நேரத்தை நெட்வொர்க்கிலிருந்து சரிபார்த்துக்கொள்ளும்படி வைத்துவிட வேண்டும். பின்னால் ஏதேனும் கோளாறு நடந்து லாகைப் புரட்டும்போது, பன்னிரண்டு மணி நேரம் தள்ளி எழுதப்பட்ட லாக் எவருக்கும் பயன்படாது.

லாக் என்றேன், இந்த மென்பொருளின் உண்மையான பலம் அதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் சர்வர் இரவில் தானாக அணைந்து அணைந்து எழுவதாகப் புகார் வந்தது. வெளியிலிருந்து யாரோ புகுந்து அணைக்கிறார்கள் என்று அங்கிருந்தவர்கள் அஞ்சினார்கள். வருமானவரிக் கணக்குகள் நிறைந்த இடம், அச்சம் நியாயமானதே. அந்தச் சர்வரின் ஒரு பவர் சப்ளை யுபிஎஸ்ஸிலும் மற்றொன்று நேரடி மின்இணைப்பிலும் செருகப்பட்டிருந்தது. லைஃப்சைக்கிள் லாகைத் திறந்தோம். பின்னிரவில், நேரடி இணைப்பில் இருந்த பவர் சப்ளைக்கு மின்வரத்து நின்றுவிட்டது என்று பிஎஸ்யு0003 என்ற குறியீட்டோடு ஒரு வரி இருந்தது. அதன் பிறகு ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒன்றுமே இல்லை. அடுத்த வரி, இரண்டு பவர் சப்ளைகளுக்கும் மின்சாரம் வந்து சர்வர் மீண்டும் துவங்கியதைச் சொன்னது. வேறு இரவுகளிலும் இதே வரிசை. ஐடிராக்கில் யார், எந்த முகவரியிலிருந்து நுழைந்தாலும் அதே லாகில் பதிவாகும். அந்த இரவுகளில் எவரும் நுழைந்திருக்கவில்லை. மின்வெட்டு வந்ததும் யுபிஎஸ் சர்வரைத் தாங்காமல் கைவிட்டிருக்கிறது, அவ்வளவுதான். பேட்டரியை மாற்றியதோடு புகார் நின்றது. விண்டோஸின் சொந்த லாகில் எதிர்பாராமல் அணைந்தது என்பதற்கு மேல் ஒரு சொல்கூட இருக்கவில்லை; எதனால் என்பதை, பவர் சப்ளையோடு நேரடித் தொடர்பில் இருக்கும் அந்த இரண்டாவது கணினிதான் சொல்ல முடிந்தது.

டிஸ்க் விஷயத்திலும் இப்படித்தான். முழுவதும் பழுதாவதற்கு முன்பே, பழுதடையப் போகிறது என்று டிஸ்க் தானே தரும் எச்சரிக்கை பிடிஆர்16 என்ற குறியீட்டோடு பதிவாகிறது. இப்படிப்பட்ட செய்திகள் மின்னஞ்சலாக நமக்கு வரும்படி ஐடிராக்கில் அமைத்துவிட்டால், டிஸ்க் போன பிறகு வாடிக்கையாளர் நம்மை அழைப்பதற்குப் பதிலாக, போவதற்கு முன்பே நாம் அவரை அழைக்கலாம். வெப்பநிலையையும் அதே வழியில் கண்காணிக்கலாம். இவ்வகைச் சர்வர்கள் தொடர்ச்சியாக இயங்க 10 முதல் 35 டிகிரி வரையிலான சூழலே ஏற்றது. சித்திரை, வைகாசியில் ஞாயிற்றுக்கிழமை ஏசியை அணைத்துவிட்டுப் போகும் மூடிய அறைகளில் அந்த எல்லை எளிதாகத் தாண்டப்படுகிறது.

இனி என் முக்கியமான ஆட்சேபம். ஐடிராக் ஒரே பொருளாக வருவதில்லை. பேசிக், எக்ஸ்பிரஸ், என்டர்பிரைஸ், டேட்டாசென்டர் என்று நான்கு நிலை லைசென்ஸ்களாக வருகிறது. டி350 போன்ற சிறிய மாடல்கள் பேசிக் நிலையிலிருந்து தொடங்குகின்றன. பேசிக்கில் சர்வரின் நிலையைப் பார்க்கலாம், தூரத்திலிருந்து அணைக்கலாம், எழுப்பலாம். ஆனால் சர்வரின் திரையையும் கீபோர்டையும் அப்படியே பிரவுசருக்குள் கொண்டுவரும் விர்ச்சுவல் கன்சோலும், நம் லேப்டாப்பில் இருக்கும் ஐஎஸ்ஓ கோப்பைச் சர்வரில் போட்ட டிவிடிபோல் காட்டும் விர்ச்சுவல் மீடியாவும் என்டர்பிரைஸ் நிலையிலும் அதற்கு மேலும்தான். பெரிய டேட்டா சென்டரில் இரவும் பகலும் ஆள் இருப்பார். சர்வரின் எதிரே போய் நிற்க அவரால் முடியும். திருப்பூரில் உள்ள ஐம்பது தையல் இயந்திரக் கம்பெனியில் சர்வரைத் தொடத் தெரிந்தவர் ஒருவர்கூட இருக்கமாட்டார். பராமரிப்பவர் வேறொரு ஊரில் இருப்பார். தூரத்திலிருந்து திரையைப் பார்க்கும் வசதி எவருக்கு மிக அவசியமோ, அவர் வாங்கும் மாடலில்தான் அது தனி விலைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. இது சரியான வியாபார முறையாக எனக்குப் படவில்லை.

ஆகவே கொட்டேஷன் வாங்கும்போது ‘ஐடிராக் உண்டு’ என்ற ஒற்றை வரியில் திருப்தி அடைந்துவிடாதீர்கள். எந்த லைசென்ஸ் என்று எழுத்தில் கேளுங்கள். கொட்டேஷனில் மொட்டையாக ‘ஐடிராக் 9’ என்று எழுதிவிட்டு பேசிக்கைக் கொண்டுவந்து இறக்கிய விற்பனையாளரோடு ஒரு வாடிக்கையாளருக்காக நெடுநாள் வாதாட வேண்டியிருந்தது. எழுத்தில் தெளிவாக இருந்திருந்தால் அந்த வாதமே எழுந்திருக்காது. பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் பிராசசரில் ஒரு படி கீழே இறங்கி, மிச்சமாகும் பணத்தில் என்டர்பிரைஸ் லைசென்ஸை வாங்குங்கள் என்பதே நான் எல்லோருக்கும் சொல்வது. வாங்குவதற்கு முன் பார்க்க விரும்பினால் 30 நாள் சோதனை லைசென்ஸ் கிடைக்கிறது. சர்வர் வந்த முதல் மாதத்தில் அதை ஏற்றிப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு முடிவு செய்வதும் நல்ல வழிதான். விர்ச்சுவல் கன்சோல் இப்போது எந்தக் கூடுதல் மென்பொருளும் இல்லாமல் சாதாரண பிரவுசரிலேயே திறக்கிறது.

பாகங்கள் மாற்றும்போது இந்த மென்பொருள் செய்யும் உதவி விளம்பரங்களில் அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால் மிகப் பெரிய உதவி. மதர்போர்டு பழுதாகி மாற்றப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். புதிய போர்டுக்குச் சர்வீஸ் டேக் தெரியாது, லைசென்ஸ் தெரியாது, நாம் பயாஸில் செய்த எந்த மாற்றமும் தெரியாது. இவற்றின் நகல் மதர்போர்டுக்கு வெளியே ஒரு தனி ஃபிளாஷ் நினைவகத்தில் தானாகவே சேமிக்கப்பட்டிருக்கும். புதிய போர்டைப் பொருத்தி முதன்முறை இயக்கும்போது, சர்வீஸ் டேக், லைசென்ஸ், சோதனைத் தகவல்களை மீட்கவா என்று திரை கேட்கும். ஒய் எழுத்தைத் தட்டினால் போதும். அடுத்து, பழைய அமைப்புகளையும் மீட்கவா என்ற கேள்வி, அதற்கும் ஒய். பொறியாளர் கிளம்புவதற்குள் சர்வர் பழைய நிலைக்கு வந்துவிடும். நெட்வொர்க் கார்டோ ரெய்டு கார்டோ மாறினால், புதிய பாகத்தின் ஃபர்ம்வேரைப் பழையதன் பதிப்புக்கே கொண்டுவந்து, அதன் அமைப்புகளையும் தானே ஏற்றிவிடும் வசதியும் இருக்கிறது. ஆனால் சர்வர் ஒவ்வொரு முறை துவங்கும்போதும் தன் பாகங்களைக் கணக்கெடுக்கும் அமைப்பு இயக்கத்தில் இருந்தால்தான் அது வேலை செய்யும். துவக்க நேரத்தைக் குறைக்கிறேன் என்று சிலர் அதை அணைத்துவிடுகிறார்கள், வேண்டாம்.

ஃபர்ம்வேர் புதுப்பிப்பில் டெல்லின் அணுகுமுறையை மனதாரப் பாராட்டுகிறேன். உத்தரவாதக் காலம் முடிந்த சர்வருக்கும் பயாஸ், ஐடிராக், ரெய்டு ஃபர்ம்வேர்களை எவரும் இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம். போட்டி நிறுவனமான எச்பிஇ (அப்போது எச்பி) தன் புரோலயன்ட் சர்வர்களின் பயாஸையும் ஒட்டுமொத்த ஃபர்ம்வேர்த் தொகுப்பையும் 2014 முதல் உத்தரவாதமோ பராமரிப்பு ஒப்பந்தமோ உள்ளவர்களுக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டது. சிறிய நிறுவனங்கள் ஒரு சர்வரை எட்டு ஆண்டுகள்கூட ஓட்டும் நம் ஊரில் இந்த வேறுபாட்டை விலையோடு சேர்த்தே எடைபோட வேண்டும். லைஃப்சைக்கிள் கண்ட்ரோலரில் டெல்லின் பதிவிறக்கத் தளத்தைக் காட்டினால், எந்தெந்தப் பாகத்துக்குப் புதிய பதிப்பு இருக்கிறது என்று பட்டியலிட்டு, நாம் தேர்ந்தெடுப்பதை மட்டும் வரிசையாக ஏற்றுகிறது. ஏற்றிய பிறகு ஏதேனும் ஒத்துவராவிட்டால் முந்தைய பதிப்புக்குத் திரும்பவும் முடியும். நேரம் நிறையப் பிடிக்கும். இடையில் சர்வர் பலமுறை துவங்கி அணையும். யுபிஎஸ் நல்ல நிலையில் இருக்கும் ஒரு விடுமுறை நாளில் மட்டுமே இதைத் தொடங்க வேண்டும். நீண்ட காலம் புதுப்பிக்காமல் விட்ட சர்வரில் ஐடிராக்கின் மிகப் பழைய பதிப்பிலிருந்து நேரே கடைசிப் பதிப்புக்குத் தாவ முடியாது. இடையில் ஒரு பதிப்பை ஏற்றிவிட்டே மேலே போக வேண்டியிருக்கும்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லியாக வேண்டும். ஐடிராக்கின் முகவரியை எக்காரணம் கொண்டும் இணையத்துக்குத் திறந்துவிடக் கூடாது. வீட்டிலிருந்தே பார்க்க வசதியாக ரூட்டரில் போர்ட்டைத் திறந்துவைக்கும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. இயங்குதளத்துக்கும் கீழே உட்கார்ந்திருக்கும் இந்தக் கணினி ஒருவர் கைக்குப் போய்விட்டால், மேலே என்ன வைரஸ் தடுப்பு போட்டும் பயனில்லை. 2018-இல் ஐடிராக் 7, 8 ஆகியவற்றில் வெளியான குறை, கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே கட்டளைகளை இயக்க வழி செய்தது; 2.52.52.52 பதிப்பில் அது சரிசெய்யப்பட்டது. எச்பிஇ சர்வர்களில் ஐடிராக்கின் இடத்தில் இருக்கும் ஐலோ 4-லும் 2017-இல் இதைவிட வியப்பூட்டும் குறை வெளிவந்தது: அதற்கு அனுப்பும் இணையக் கோரிக்கையின் ஒரு தலைப்பில் ‘ஏ’ என்ற எழுத்தை 29 முறை அனுப்பினாலே அடையாளச் சோதனையைத் தாண்டிவிட முடிந்தது. எந்த நிறுவனமும் இதற்கு விதிவிலக்கல்ல. ஐடிராக்குக்குத் தனி விஎலான் (அலுவலக நெட்வொர்க்குக்குள்ளேயே பிரித்துவைக்கும் தனி நெட்வொர்க்) ஒன்றை ஒதுக்குங்கள். வெளியிலிருந்து வருபவர் விபிஎன் என்ற பாதுகாக்கப்பட்ட இணைப்பு வழியாக மட்டும் வரட்டும். ஐபிஎம்ஐ என்ற, சர்வரை நெட்வொர்க் வழியாக நிர்வகிக்கும் பழைய வசதி தேவையில்லாவிட்டால் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கடவுச்சொல்லின் ஹாஷை (உருமாற்றப்பட்ட வடிவத்தை) வெளியில் கொடுத்துவிடும் பலவீனம் அந்த நெறிமுறையின் அமைப்பிலேயே இருக்கிறது. எல்லாம் அமைத்து முடித்த பின், யாரும் எதையும் மாற்றிவிடாதபடி சர்வரைப் பூட்டிவைக்கும் லாக்டவுன் முறையும் என்டர்பிரைஸ் நிலையில் கிடைக்கிறது. பலர் கைபடும் அலுவலகங்களில் அதைப் பயன்படுத்தலாம்.

பயன்படுத்திய சர்வர்களை வாங்குபவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்களுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். ஆர்710 போன்ற பதினோராம் தலைமுறைச் சர்வர்களில் உள்ள ஐடிராக் 6-இன் கன்சோலுக்கு ஜாவா வேண்டும்; இன்றைய பிரவுசர்களில் அதைத் திறப்பது பெரும்பாடு. ஆர்720, ஆர்730 ஆகியவற்றில் ஐடிராக் 7, 8 இருப்பதால், ஃபர்ம்வேரைப் புதுப்பித்துவிட்டால் ஜாவா இன்றியே கன்சோல் திறக்கும். அவற்றின் லைஃப்சைக்கிள் கண்ட்ரோலரில் பதிந்திருக்கும் பழைய எஃப்டிபி முகவரி இப்போது பயன்படாது; அதை டெல்லின் இன்றைய பதிவிறக்கத் தள முகவரிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். லைசென்ஸ் சர்வீஸ் டேக்கோடு பிணைக்கப்பட்டது. இன்னொரு சர்வரின் லைசென்ஸை இதில் ஏற்ற முடியாது. ஆகையால் பணம் கொடுப்பதற்கு முன் ஐடிராக்கின் லைசென்ஸ் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். என்டர்பிரைஸ் ஏற்றப்பட்ட பழைய சர்வர், அது இல்லாத சற்றுப் புதிய சர்வரைவிட எனக்கு மதிப்புள்ளதாகவே தோன்றும்.

லைஃப்சைக்கிள் கண்ட்ரோலருக்கு இணையான எச்பிஇயின் இன்டெலிஜென்ட் புரொவிஷனிங்கோடு ஒப்பிடாமல் இந்த மதிப்புரை முழுமையாகாது. 2012-இல் ஜென்8 சர்வர்களோடு அது வந்தது. அதற்கு முன் ஸ்மார்ட்ஸ்டார்ட் என்ற சிடி இருந்தது. இன்டெலிஜென்ட் புரொவிஷனிங்குக்கும் நுழைவு விசை எஃப்10தான். திரைகளின் ஒழுங்கும் விரைவும் அங்கே ஒரு படி மேல் என்பேன். ஆனால் தூரத்துக் கன்சோலுக்கு அங்கும் தனி லைசென்ஸ் வேண்டும், ஃபர்ம்வேருக்கு ஒப்பந்தமும் வேண்டும் என்பதால், சிறிய அலுவலகங்களுக்கு நான் டெல்லின் பக்கமே சாய்கிறேன்.

இந்த மென்பொருள் செய்யாதது என்ன என்பதையும் வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். இது வன்பொருளை நிர்வகிக்கிறது. இயங்குதளத்துக்குள் நடப்பதை அல்ல. பயனர் கணக்குகள், பகிர்வுக் கோப்புறைகள், பேக்கப் ஆகியவற்றை இங்கிருந்து அமைக்க முடியாது. அவற்றுக்கு விண்டோஸ் அட்மின் சென்டர், லினக்ஸில் காக்பிட் போன்றவை தனியாக இருக்கின்றன. குறிப்பாகப் பேக்கப். ரெய்டும் ஐடிராக்கும் இருக்கின்றன, இனி தரவுக்கு ஆபத்தில்லை என்று நம்புகிறவர்களைச் சந்தித்துக்கொண்டே இருக்கிறேன். தவறாக அழிக்கப்பட்ட கோப்பையும், ரான்சம்வேர் பூட்டிய கோப்பையும் ரெய்டு அப்படியே இரண்டு டிஸ்க்குகளிலும் எழுதிவைக்கும். பேக்கப்புக்கு மாற்று பேக்கப் மட்டுமே.

சர்வரை விற்கும்போதோ கழிக்கும்போதோ இதே எஃப்10 திரைக்கு ஒருமுறை திரும்பி வர வேண்டியிருக்கிறது. சர்வரை வேறு வேலைக்கு மாற்றவோ ஓய்வு கொடுக்கவோ என்று தனியாக ஒரு பகுதி உண்டு; லாகுகள், பயாஸ் அமைப்புகள், டிஸ்க்குகளில் உள்ள தரவு என எதை அழிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்தால் அழித்துவிடுகிறது. பழைய சர்வர்களை டிஸ்க்கோடு எடைக்குப் போடும் அலுவலகங்கள் இதை அவசியம் பயன்படுத்த வேண்டும். அழிப்பதற்கு முன்னால் லைசென்ஸ் கோப்பை ஏற்றுமதி செய்து சர்வீஸ் டேக்கின் பெயரிலேயே சேமித்து, சர்வரை வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். அந்த லைசென்ஸ் இனி உங்களுக்கு எதற்கும் பயன்படாது. அவருக்கு அது இல்லாமல் சர்வரின் பாதி மதிப்பு இல்லை.